ரதி எவ்வளவு நேரம் அழ வேண்டும்?

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நல்லதண்ணி என்றதும் உங்களிற் பலருக்குச் சிவனொளிபாதமலைதான் நினைவுக்கு வரும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக வரும் பஸ் வண்டி யாத்திரிகரை இறக்கிவிடும் இடம் அது. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை மலையேறும் பருவம். அந்த மாதங்களில் எங்களுக்கு இரவு பகல் என்ற பேதமில்லை. கடைகள் திறந்தே கிடக்கும், ஒலிபெருக்கிகள் ஓயமாட்டா, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிவர். அதே பருவத்தில், அதே மலையடிவாரத்துத் தோட்டங்களில், மாசி மாதத்தில் இன்னோர் இரவு விழிப்பும் உண்டு. அதற்குச் சுவரொட்டி இல்லை. மலை இடுக்கில் மோதி வரும் தப்பின் ஓசைதான் அழைப்பு. அதுதான் காமன் கூத்து.

கதையைச் சொல்லியும் பாடியும் ஆடியும் வந்த நமது மரபுக் கலைகளை இக்காலத்தில் எவ்வாறு உயிரோடு வைத்திருப்பது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம். மரபைப் பேண வேண்டும், வேர்களை மறக்கலாகாது என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போவது எளிது. அவ்வாறான உரைகளை நானும் பரிசளிப்பு விழாக்களில் நிகழ்த்தியிருக்கிறேன். இன்று அப்படிச் செய்யாமல், நான் செய்த பிழை ஒன்றிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலைகளுக்கிடையிலான ஒரு போட்டிக்கு மாணவர்களைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாட்டார் கூத்து என்ற பிரிவு. நேர எல்லை கண்டிப்பானது. நான் காமன் கூத்தைத் தெரிவு செய்தேன். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது வருடங்களுக்கு மேலாகக் கூத்துப் பழக்கும் வாத்தியார் ஒருவர் இருந்தார். கொழுந்து மடுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய், ஒரு தாளில் நான் எழுதி வைத்திருந்த அட்டவணையைக் காட்டினேன். காப்பு விருத்தம் ஒரு நிமிடம், மதன் வருகை இரண்டு நிமிடம், ரதி மதன் தர்க்கம் மூன்று நிமிடம், தகனம் ஒரு நிமிடம், ரதி புலம்பல் இரண்டு நிமிடம்.

அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ரதிக்கு ரெண்டு நிமிசந்தானா சேர்?" என்று கேட்டார். நேரம் போதாது, அதனால்தான் என்றேன். "எங்க பொட்டல்ல அவ அழ ஆரம்பிச்சா விடியக் கருக்கல் ஆயிரும். எவ்வளவு நேரம் அழுதா புருசன் திரும்பி வருவான்னு நீங்க படிச்ச பொஸ்தகத்துல போட்டிருக்கா?" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை.

நேயர்களே, காமன் கூத்தை அறியாதவர்களுக்காக அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவன் யோகத்தில் அமர்ந்துவிட்டான். உலகின் இயக்கம் தடைப்பட்டது. தேவர்கள் மன்மதனை அழைத்து, மலர்க்கணை எய்து அந்த யோகத்தைக் கலைக்கும்படி பணிக்கின்றனர். ரதி தீக்கனாக் கண்டு அவனைத் தடுக்கிறாள். மதன் கேளாமற் போகிறான், கணை தொடுக்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, அவன் சாம்பலாகிறான். ரதி அழுது முறையிட, அவள் கண்ணுக்கு மாத்திரம் தெரியுமாறு அவன் உயிர் பெறுகிறான். கச்சியப்பர் கந்தபுராணத்தில் காமதகனப் படலமாகப் பாடியது இக்கதையையே. காளிதாசன் தன் குமாரசம்பவத்தின் நான்காம் சருக்கத்தை முழுவதும் ரதியின் புலம்பலுக்கென்றே ஒதுக்கினான் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அந்தப் பெரும் புலவனும் அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறான். நான்தான் இரண்டு நிமிடம் கொடுத்தேன்.

தோட்டத்தில் இக்கதை ஒரே இரவில் தொடங்கி முடிவதன்று. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். கரும்பு, ஆமணக்கு, வைக்கோற் பிரி, வரட்டி என்பன சேர்ந்தது அந்தக் கம்பம். அன்று முதல் பௌர்ணமி வரை பொட்டலில் இரவுதோறும் தப்படியும் பாட்டும் நடக்கும். நாட்கணக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபாடு உண்டு. வேடம் பூணுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடக்கும். தோட்டமே அதற்குச் சுற்றம். இறுதி இரவில் வேடங்கள் லயம் லயமாக வரும். ஓலை கொண்டு தூதன் வருவான். வீரபத்திரனும் எமனும் வரும்போது பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொள்வார்கள். பின் தகனம். அதற்குப் பின், நெருப்பு அடங்கிக்கொண்டிருக்கும் அந்தக் குளிர் நேரத்தில், ரதியின் புலம்பல்.

அந்தப் புலம்பலின் பொருள் எனக்கு விளங்கியது மிகப் பிந்தியே. போட்டி முடிந்த அடுத்த மாசியில், அந்த வாத்தியாரின் பொட்டலில் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். ரதி வேடமிட்டவர் முப்பது வயதுடைய ஓர் ஆண். பகலில் கவ்வாத்து வெட்டுகிறவர். அவர் பாடத் தொடங்கிய சிறிது நேரத்தில், சுற்றியிருந்த பெண்களிடமிருந்து மெல்ல ஒரு விசும்பல் கேட்டது. பிறகு இன்னொன்று. என் பக்கத்தில் அமர்ந்திருந்த கிழவியார் தலையில் முக்காடிட்டு அழுதுகொண்டிருந்தார். அவர் அழுதது மன்மதனுக்காக அன்று. அவருடைய மகன் கொழும்பில் வேலைத்தலத்தில் விழுந்து இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். கொழுந்துக் கூடையை ஒரு நாள் இறக்கி வைத்தால் அந்த நாளுக்குப் பேர் விழாது. சாவு வீட்டிலும் நாட்கணக்குப் பார்த்து அழ வேண்டிய வாழ்க்கை. அப்படி உள்ளே அடைத்து வைத்ததையெல்லாம் அந்தப் பெண்கள் வருடத்தில் ஓரிரவு ரதியின் குரலுக்குப் பின்னால் நின்று அழுது தீர்க்கிறார்கள். இதை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. புலம்பல் அங்கே கூத்தின் அலங்காரமல்ல. அதற்காகவே கூத்து நடக்கிறது என்றுகூடச் சொல்லலாம். நானோ அதைத்தான் வெட்டியிருந்தேன்.

இந்தக் கலை நமது மலைகளுக்கு வந்த வழியையும் சிறிது நோக்குவோம். 1820களிற் கோப்பிப் பயிருக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலான பகுதிகளிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். தாளில் எழுதாத சொத்தாக அவர்கள் கொண்டுவந்தவை இந்தக் கதைகள். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் மலையகத்தின் மூன்று பெருங்கூத்துகளாக நிலைத்தன. தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையை ஒட்டி, காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் இரவிரவாக வாதிட்டுப் பாடும் லாவணி வளர்ந்தது. மராத்தியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் அவர்களோடு வந்த பாட்டு வடிவம் லாவணி. நமது கூத்தில் வரும் ரதி மதன் தர்க்கத்தைக் கேட்பவருக்கு அந்த உறவு காதிற் படும். கணவனைத் தடுக்கும் மனைவியும், கடமை என்று பேசும் கணவனும் சொல்லுக்குச் சொல் மோதுவதைக் கேட்டு லயத்துப் பெண்கள் ரதியின் பக்கம் நின்று கைதட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு தூரம் வந்த கலைக்கு ஊறு நேர்ந்தது தொலைக்காட்சியாலும் கைத்தொலைபேசியாலும் என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்றும் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் குடும்பங்கள் பிரிந்தன என்பதை எல்லோரும் எழுதினர். கூத்துக் குழுக்களும் பிரிந்தன என்பதை யாரும் எழுதவில்லை. நான் குறிப்பிட்ட வாத்தியாரின் குழுவில் மதன் இங்கே நின்றுவிட, ரதி கூடலூருக்குப் போய்விட்டாராம். திரும்பி வந்தோருக்காக நீலகிரியிற் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. "அவனுக்குத் தெரிஞ்ச பாட்டுல பாதி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச அடி அவனுக்குத் தெரியாது. கடுதாசியில அடியை எழுத முடியுமா சேர்?" என்று அவர் ஒருமுறை சொன்னார். வாய்மொழிக் கலை என்பது ஒருவரிடம் முழுமையாக இருப்பதன்று. ஒரு கூட்டத்தினிடையே பங்கிட்டுக் கிடப்பது. கூட்டம் கலைந்தால் கலையும் துண்டாகிறது.

அழிவைக் கண்டு முன்வந்து உழைத்தவர்களும் நம்மிடையே இருந்தனர். சி. வி. வேலுப்பிள்ளை (1914 - 1984) தோட்டத்துப் பாடல்களைக் காதாற் கேட்டுத் திரட்டினார். சாரல்நாடனும் மாத்தளை வடிவேலனும் மலையகத்தின் வாய்மொழி மரபையும் கலைகளையும் பற்றி நூல்கள் எழுதினர். அவர்கள் இல்லையேல் என் போன்ற ஆசிரியருக்கு இத்துறையில் கால் வைக்கவே வழி இருந்திராது.

ஆனால் ஒரு கலையை எழுதி வைப்பது வேறு, ஆடவும் பாடவும் வைப்பது வேறு. இதில் நமது நாட்டிலேயே இரண்டு வழிகள் முயலப்பட்டிருக்கின்றன. முதலாவது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேற்கொண்டது. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் படித்தோரால் இழிவாகக் கருதப்பட்ட காலத்தில், அவர் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) என்பவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடியது குறுகிய நேரத்துக்குள் வந்தது. வட்டக்களரியில் நின்றது படச்சட்ட மேடைக்கு ஏறியது. அதனால் கூத்துக்கு மதிப்புக் கிடைத்தது; நகரத்தார் அதனைக் கலையென ஏற்றனர். இந்த நன்மையை எவரும் மறுக்க முடியாது.

இரண்டாவது வழி பின்னர் மட்டக்களப்பிலேயே தோன்றியது. 2000களின் தொடக்கத்தில் சீலாமுனைக் கிராமத்தில் கலாநிதி சி. ஜெயசங்கர் அவ்வூர்க் கூத்தர்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்ற முயற்சியைத் தொடங்கினார். கூத்தை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்துத் திருத்தாமல், ஊரவரே தமது களரியில் இருந்து பேசி, எதை வைத்திருப்பது எதை மாற்றுவது என்று தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மாற்றம் வேண்டாம் என்பதல்ல. மாற்றுகிறவர் யார் என்பதே அங்கு எழுப்பப்பட்ட கேள்வி. என் அட்டவணைத் தாளை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைக் குத்துகிறது.

சற்றுத் தொலைவிலும் பார்ப்போம். நமக்கும் சீனத்துக்கும் தேயிலை வழியாக ஓர் உறவு உண்டு. பேராதனைப் பூங்காவில் 1824இல் நடப்பட்ட முதற் தேயிலைச் செடி சீனத்திலிருந்து வந்தது. அந்தச் சீனத்திலே, சூச்சோ நகரின் தேநீர்க் கூடங்களில் பிங்தான் எனப்படும் கதைப்பாட்டுக் கலை பல தலைமுறைகளாக நிலவி வருகிறது. ஒருவர் அல்லது இருவர், மூன்று நரம்பு வாத்தியமும் பிப்பா என்ற நரம்புக் கருவியும் கொண்டு அமர்ந்து, கதையைப் பேசியும் பாடியும் செல்வர். தேநீர் அருந்தியபடி மக்கள் கேட்பர். கதை ஒரே நாளில் முடியாது. நல்ல இடத்தில் நிறுத்தி மறுநாள் தொடர்வர். முன்னாளில் ஒரு கதை மாதக்கணக்கிற் சென்றதுண்டு. பிற்காலத்தில் இரண்டு வார அளவு வழக்காயிற்று. 1960களின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு கல்லூரி நிறுவினர். 2006இல் சீனத்தின் தேசிய மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்தனர். ஆயினும் அங்கும் கேட்போர் பெரும்பாலும் முதியோரே என்ற கவலை இருக்கிறது. பட்டியலும் கல்லூரியும் கலைஞரை உருவாக்கித் தரலாம். கேட்பவரை உருவாக்கித் தர முடியாது. அதற்கு அவர்களுக்குத் துணை நின்றவற்றுள் வானொலியும் ஒன்று. கதையை நாள்தோறும் தொடராக ஒலிபரப்பினார்கள். வடசீனத்தின் இசையில்லாக் கதைகூறல் மரபில் வந்த சான் தியன்பாங் (1934 - 2018) என்ற கதைஞரின் கரகரத்த குரலை, வானொலி கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசென்றது.

கொரிய நாட்டின் பன்சோரி என்ற கதைப்பாட்டின் வரலாறு இன்னும் நேரடியாக நமக்குப் பாடம் சொல்கிறது. ஒரு பாடகர், ஒரு மத்தளக்காரர், ஒரு நெடுங்கதை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்கதைகளின் புகழ்பெற்ற பகுதிகளை மாத்திரம் துண்டு துண்டாகப் பாடுவதே வழக்காகிவிட்டது. 1964இல் அரசு அதனைப் பாதுகாக்கப்பட வேண்டிய கலையாக அறிவித்தது. ஆனால் பெருந்திருப்பம் 1968இல் நிகழ்ந்தது. பாக் டொங்-ஜின் என்ற பாடகர் மேடையேறி, ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஐந்து மணி நேரம் தனியாகப் பாடினார். துண்டுகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு முழுமை என்னவென்று அன்று தெரிந்தது. அதன் பின் முழுக்கதை பாடுவது மீண்டும் ஒரு வழக்காயிற்று. 2003இல் யுனெஸ்கோ பன்சோரியை மனிதகுலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. அந்தக் கௌரவத்துக்கு முன்னரே, அந்த ஐந்து மணி நேரம் தன் வேலையைச் செய்துவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். சுருக்கிய வடிவம் தவறன்று. ஆனால் எங்கோ ஓரிடத்தில் முழு வடிவம் நடந்துகொண்டிருக்க வேண்டும். சுருக்கம் ஒரு வாசற்படி. உள்ளே வீடு இல்லாவிட்டால் வாசற்படிக்கு என்ன வேலை? பத்து நிமிடக் கூத்தை மாத்திரம் கற்ற பிள்ளை, அடுத்த தலைமுறைக்கு ஐந்து நிமிடத்தைத்தான் கொடுக்கும்.

முழுமையைக் காப்பதில் உள்ள இடர்களையும் மறைக்காமற் பேச வேண்டும். முதலாவது, தப்பு. தப்பு இல்லாமற் காமன் கூத்து இல்லை. ஒவ்வொரு வேடத்தின் வருகைக்கும் ஓர் அடி உண்டு. குளிரில் தோல் தளரும்போது நெருப்பிற் காய்ச்சி மீண்டும் முறுக்கேற்ற வேண்டும். அதுவும் ஒரு வித்தை. ஆனால் அந்தக் கருவியைச் சாவோடும் சாதியோடும் கட்டி வைத்தோம். அடித்தவரைப் பொட்டலிற் போற்றிவிட்டு, வாசலில் நிறுத்தி வைத்தோம். இன்று அவருடைய மகன் தப்பைத் தொட மறுக்கிறான் என்றால், கலையை மதிக்கவில்லை என்று அவனைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அவன் கலையை மறுக்கவில்லை, அவமானத்தை மறுக்கிறான். தப்பு எல்லா வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் ஏற வேண்டும். வாசித்தவருக்கு முதல் வரிசையில் நாற்காலி போட வேண்டும். இதைச் செய்யாமல் மரபு மரபு என்று பேசுவது பொய்.

இரண்டாவது, பிரதி. வாத்தியார்மாரின் பாட்டுகள் பழைய கொப்பிகளில் உள்ளன. லயத்துக் கூரை ஒழுக்கில் நனைந்தவை, எலி கடித்தவை, வாத்தியாரோடு சிதையேறியவை எத்தனையோ. இங்கேயும் என் பிழை ஒன்றுண்டு. போட்டிக்காக அவர் தந்த கொப்பியைப் பிரதி செய்தபோது, தமிழாசிரியன் என்ற முறையில் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். 'மம்முதன்' என்றிருந்ததை 'மன்மதன்' ஆக்கினேன். பேச்சு வழக்குகளைச் செந்தமிழாக்கினேன். ஒத்திகையில் பிள்ளைகள் பாட, தப்பு ஓரிடத்திலும் பாட்டு ஓரிடத்திலும் போயின. வாத்தியார் சிரித்துக்கொண்டு, "சேர் பாட்டைக் குளிப்பாட்டிட்டீங்க, அதான் வழுக்குது" என்றார். நான் பிழையென்று நினைத்த ஒவ்வொன்றும் அடிக்குப் பொருந்த வைத்த ஒலி. ஆகவே கொப்பிகளைப் பிரதி செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: இருந்தபடியே எழுதுங்கள், கூடவே பாட்டையும் தப்பையும் சேர்த்து ஒலிப்பதிவு செய்யுங்கள். ஈழத்து எழுத்துகளை மின்வடிவிற் பேணும் நூலகம் நிறுவனம் போன்றவற்றிடம் அவை சேரட்டும். கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையை, அதாவது நமது பொன்னர் சங்கர் கதையை, 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் ஒரு பாடகர் சொல்லச் சொல்ல ஒலிநாடாவிற் பதிந்து, பிற்காலத்தில் நூலாக்கினார். அவ்வாறு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்க நமது தோட்டங்களுக்கு வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது.

மூன்றாவது, ஆள். இளைஞர்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலோ மாசி மாதம் யாத்திரைக் காலத்தின் நடுப்பகுதி. இரவிற் கடையில் நின்றால் நாலு காசு. அதை விட்டு வா என்று எவரையும் அழைக்க எனக்கு மனம் வராது. அத்தனை இரவும் எல்லாத் தோட்டங்களிலும் நடப்பது இனி இயலாததாக இருக்கலாம். அப்படியானால் அண்டைத் தோட்டங்கள் சேர்ந்து, முறை வைத்து, ஆண்டுக்கு ஒரு பொட்டலிலாவது முழுமையாக நடத்தலாம். இறுதி இரவுக்கு மாத்திரம் எல்லோரும் வரட்டும். நாடகமும் அரங்கியலும் கற்கும் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வோம். ரதியாகப் பெண்பிள்ளை ஒருத்தி ஆட விரும்பினால், பொட்டலில் உள்ளவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். அது அவர்களுடைய கூத்து.

நான்காவது வேண்டுகோள், இப்போது நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஊடகத்திடம். காமன் கூத்தென்றால் தப்பிசை இரண்டு நிமிடம், பேட்டி மூன்று நிமிடம் என்று நிகழ்ச்சி அமைக்கிறோம். என் அட்டவணைத் தாளுக்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை. மாசி மூன்றாம் பிறை தொடங்கிப் பௌர்ணமி வரை, இரவுக்கு அரை மணி நேரமாக, ஒரு பொட்டலில் பதிவான கூத்தை முழுமையாக ஒலிபரப்பலாகாதா? சூச்சோவின் கதைஞர் போல நல்ல இடத்தில் நிறுத்தி, நாளை என்ன ஆகும் என்று ஏங்க விடலாம். கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையும், கூடலூரில் இருக்கும் பழைய ரதியும், அவர் இன்னும் இருந்தால், கேட்பார்கள்.

நேயர்களே, மஸ்கெலியாவில் ஒரு காட்சி உண்டு. 1960களில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய நகரம் நீருக்குள் போயிற்று. அதனோடு பழைய கோயிலும் போயிற்று. மழை குறைந்து நீர் வற்றும் வருடங்களில் அந்தக் கோயில் மீண்டும் வெளியே தெரியும். அப்போது சனம் திரண்டு போய்ப் பார்க்கும், படம் எடுக்கும், பெருமூச்சு விடும். மழை வந்ததும் கோயில் மறுபடி மூழ்கிவிடும்.  நமது கூத்துகளும் அவ்வாறு எப்போதாவது தலைகாட்டிப் படம் பிடிக்கப்பட்டு மறைகிற பொருளாகிவிடக் கூடாது என்பதே என் கவலை. கூத்து இன்னும் மூழ்கவில்லை. பொட்டல் இருக்கிறது. பாட்டுத் தெரிந்தவர்கள் சிலரேனும் இருக்கிறார்கள்.

என் போட்டி என்னாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. பரிசுக் கிண்ணத்தை வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மகிழ்ந்தார். பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு ரதியாக நடித்த மாணவனை அருகில் அழைத்து உட்கார வைத்து, "அங்க ரெண்டு நிமிசம் அழுதீல்ல தம்பி, மிச்சத்தை இப்ப சொல்லித் தாரேன், கேட்டுக்க" என்றார். அன்று மாலை தொடங்கியது. அந்த மாணவன் பல வார இறுதிகள் அவருடைய லயத்து வாசலில் உட்கார்ந்திருந்து பாட்டைக் கற்றுக்கொண்டான். இப்போது வாத்தியார் இல்லை. அந்த மாணவன் கொழும்பில் வேலை செய்கிறான். மாசி வந்தால் லீவு போட்டுவிட்டு வருகிறான். சென்ற முறை அவன் பாடி முடித்தபோது மலை மேல் வெளிச்சம் வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் அழ வேண்டும் என்று அந்தப் பெரியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போதும் கடிகாரக் கணக்கில் விடை தெரியாது. சுற்றி அமர்ந்திருக்கும் கடைசிக் கிழவியும் தன் துக்கத்தை அழுது முடித்துச் சேலைத் தலைப்பால் முகம் துடைக்கும் வரை என்று மாத்திரம் எனக்குப் படுகிறது.